படம் ரெண்டும் ஒட்டலையே!

புது மிஷினைப் பொருத்திக் கொடுத்த இன்ஜினியருக்கு வாய் ஓயவில்லை.

"டாக்டர், எம்ஆர்ஐ படத்துல கட்டி பளிச்னு தெரியும். அல்ட்ராசவுண்ட்ல ஊசி போறது லைவா தெரியும். ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணு ஒட்டிட்டா, ஈரல்ல பட்டாணி அளவு கட்டின்னாலும் ஊசி தப்பாது."

"தெரியும் சார். நீங்கதானே எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தீங்க?"

"ஒரே குத்துல டெஸ்டுக்குத் துளி சதையை எடுத்துடுங்க. பேஷன்ட் சரியான பயந்தாங்கொள்ளி. நல்ல கட்டியா, கெட்ட கட்டியான்னு யோசிச்சு யோசிச்சு தூக்கமே இல்ல. ஆனா வெளில அவன் விடுற ரீல் இருக்கே!"

நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

டாக்டர் திரையை முறைத்தார். "படம் ரெண்டும் ஒட்டவே மாட்டேங்குதே!"

"என் மிஷின்லயா? சான்ஸே இல்ல! பேஷன்ட் தொணதொணன்னு பேசிட்டே இருப்பான். பேசினா ஈரல் ஆடும், படம் விலகும். முதல்ல அவன் வாயை மூடச் சொல்லுங்க!"

"சொல்லிடறேன்" என்ற டாக்டர், மேசையில் சட்டையில்லாமல் படுத்திருந்த இன்ஜினியரின் பக்கம் குனிந்தார்.

"சார், கொஞ்சம் வாயை மூடுங்க."

மூடினார். படங்கள் இரண்டும் பச்சக்கென்று ஒட்டிக்கொண்டன.