கசப்புக்குச் சொந்தக்காரி

ஆப்பிரிக்கப் புல்வெளிக் காட்டில் ஆரஞ்சு நிற வண்ணத்துப்பூச்சி ஒருத்திக்கு அன்றைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புழுவாக இருந்த காலமெல்லாம் எருக்கிலையாகத் தின்று உடம்பு முழுக்கக் கசப்பை ஏற்றிக்கொண்டவள் அவள். அதனால்தான் எந்தப் பறவையும் அவளைக் கொத்துவதில்லை. பக்கத்துப் பூவில் இருந்தவளோ எருக்கைத் தொட்டதுகூட இல்லை. பருப்புக்கீரையைத் தின்று வளர்ந்துவிட்டு, அதே ஆரஞ்சு இறக்கையை விரித்துக்கொண்டு ஒய்யாரமாகத் தேன் குடிக்கிறாள்!

"கஷ்டப்பட்டது நானு, சொகுசு இவளுக்கா?" என்று பொருமியவள், நேராகக் குடைவேல மரத்தில் இருந்த கரிச்சான் குருவியிடம் போனாள்.

"அண்ணே, அவ வேஷக்காரி. அவ உடம்புல துளி கசப்பு கிடையாது. வேணும்னா தின்னு பாருங்க!"

கரிச்சான் பாய்ந்தது. "ஐயோ, நான் கசப்பு, விட்டுடுங்க!" என்ற அலறல் பாதியில் நின்றது.

கிளைக்குத் திரும்பிய கரிச்சான் அலகைத் துடைத்துக்கொண்டது. "நீ சொன்னது சரிதான் தங்கச்சி. இத்தனை காலமா இந்த நிறத்தைப் பார்த்தே ஏமாந்திருக்கேன்" என்றபடி அவளை உற்றுப் பார்த்தது.

"அண்ணே, நான் நிஜமாவே கசப்பு!"

"அவளும் அதைத்தான் சொன்னா" என்று கரிச்சான் இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தது.