ஒன்பதாம் வளைவு

சகாயம் இருந்தவரை அந்தப் பழைய கார் ஏற்காடு மலைப்பாதையின் ஒன்பதாம் வளைவைத் தாண்டியதில்லை. எஞ்சின் கொதித்துவிடும் என்று பயந்து அங்கேயே திருப்பிவிடுவார். அவர் இறந்த பிறகு, மனைவி பிலோமினா ஆயில் பிரஷருக்கும் சூட்டுக்கும் இரண்டு மீட்டர்கள் வாங்கிவந்து மெக்கானிக் உஸ்மானிடம் கொடுத்தாள்.

பொருத்தி முடித்ததும், “முள்ளு சிவப்புக்குப் போகாதவரைக்கும் தைரியமா ஏறுங்கம்மா,” என்றார் உஸ்மான்.

மறுநாள் தனியாகவே ஓட்டிப் போனாள். ஒன்பதாம் வளைவில் ஓரமாக நிறுத்தி மீட்டர்களைப் பார்த்தாள். சூடு பாதியைக்கூடத் தொடவில்லை. ஆயில் பிரஷரும் சரியாக இருந்தது.

“இன்னும் கொஞ்சம் போயிருக்கலாங்க,” என்றாள், பக்கத்து இருக்கையைப் பார்த்து.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்தது. பிலோமினா கையை வெளியே நீட்டி, முந்திப் போகும்படி பஸ்ஸுக்குச் சைகை காட்டினாள்.