ஆடாத முட்டை

நீரூற்றின் உச்சியில் வைத்த முட்டை ஆடவில்லை. தொப்பென்று விழுந்து உடைந்தது.

செர்ரிப் பழங்களும் பூக்களும் சுற்றிக் கட்டிய கல்தொட்டியில் மஞ்சள் கரு மிதந்த பிறகுதான் எல்லோருக்கும் விஷயம் புரிந்தது. நர்சீஸ் முட்டையை ஊதிக் காலி செய்ய மறந்துவிட்டான்.

பத்தொன்பது வருஷமாக, கிறிஸ்துவின் திருவுடல் திருநாளன்று இது அவன் வேலை. முட்டையில் ஊசியால் துளை போட்டு, உள்ளே இருப்பதை ஊதி எடுத்து, துளையை மெழுகால் அடைத்துக் கொண்டுவருவான். வெறும் ஓடு தண்ணீரின் மேல் சுழன்று சுழன்று ஆடும். ஆடினால் ஊருக்கு நல்ல வருஷம். உடைந்தால் ஆகாது.

பூசை முடிந்து தேவாலயத்தின் உள்முற்றத்துக்கு வந்திருந்த கூட்டம் தூண்களைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. எண்ணூறு வருஷத்துத் தூண்கள், இந்த மாதிரி கூத்தைப் பார்த்திருக்காது. பங்குத் தந்தை, உப்பு கொண்டுவரச் சொல்லட்டுமா என்று கேட்டார்.

நானும் சிரித்தேன். ஆனால் என் கவலை வேறு.

முந்தின நாள் நர்சீஸ் போன் பண்ணியிருந்தான். நாளைக்கு உள்முற்றத்துக்கு வந்துவிடு, முட்டை ஆடினதும் உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும் என்றான். என்ன கேட்கப்போகிறான் என்று எனக்குத் தெரியாதா? அவன் இரும்புக்கடை மாடியில் தனியாக இருக்கிறான். நான் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் தனியாக இருக்கிறேன். இருவருக்கும் அறுபது நெருங்குகிறது. இனி சேர்ந்தே இருந்துவிடலாமா என்றுதான் கேட்பான். சரி என்று சொல்லிவிடுவதாக நானும் முடிவு செய்து, பச்சைக் கவுனைத் தேய்த்து உடுத்திக்கொண்டு வந்திருந்தேன்.

அந்த யோசனையிலேயே இருந்து முட்டையைக் கோட்டை விட்டிருக்கிறான், மனுஷன்.

சகுனம் பார்ப்பதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. பதின்மூன்றாம் தேதி செவ்வாய்க்கிழமையில் வந்தால் முடிகூட வெட்டிக்கொள்ளமாட்டான்.

தொட்டியிலிருந்து ஓட்டுச் சில்லுகளைப் பொறுக்கியபடியே, என் முகத்தைப் பார்க்காமல் மெதுவாகச் சொன்னான்:

“சகுனம் சரியில்ல, ரெமேய். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இன்னொரு வருஷம் தனியாக உட்கார்ந்து சூப் குடிக்க என்னால் முடியாது. கிட்டே போய், அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னேன்:

“போன தடவ இதே எடத்துல நீ கேட்டப்போ, முட்டை பொழுது சாயிற வரைக்கும் அழகா ஆடுச்சு. அப்புறம் என்ன ஆச்சு? நாலே வருஷத்துல கோர்ட்டுக்குப் போய்ப் பிரிஞ்சோம்.”

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

அப்புறம், கையைக்கூடத் துடைக்காமல், கேட்டான்.