பெரிய கோர், சின்ன கோர்

கல்யாணமான நாளிலிருந்து இல்லாத அதிசயமாக, அவன் டிசைன் செய்யும் சிப்பைப் பற்றி மனைவி கேட்டாள். அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

"ஒரே சிப்புக்குள்ள ரெண்டு மூளை. பெரிய கோர், சின்ன கோர். பெரியது தூங்கும், சின்னது காவல் இருக்கும். சிக்னல் வந்தா பெரியதை எழுப்பும்."

"எழுப்பிட்டு?"

"வேலையை ஒப்படைச்சிட்டு அது தூங்கிடும்."

"பெரியது மாட்டேன்னு சொன்னா?"

"சொல்லவே முடியாது. எழுப்பினா எழுந்தே ஆகணும். என் டிசைனாக்கும்."

அந்தப் பெருமையோடு ஞாயிற்றுக்கிழமை மதியத் தூக்கத்துக்குச் சாய்ந்தான். கண் சொக்கும் நேரத்தில் மனைவி தோளை உலுக்கினாள். அவன் நெஞ்சின்மேல், நனைந்த துணியோடு வீறிட்டது கைக்குழந்தை.

"சிக்னல் வந்தாச்சுங்க" என்றவள், அவன் போர்வையை உருவித் தான் போர்த்திக்கொண்டாள். "சின்ன கோர் தூங்கப் போகுது."