கூடப்பிறந்தவள்

"மொதல்ல எனக்குக் குத்துங்க, டாக்டர்" என்று ஆக்னஸ் கையை நீட்டினாள்.

அண்ணன் மரியான் அவள் முதுகுக்குப் பின்னால் ஒண்டி நின்றான். கடலுக்குள் மூழ்கிச் சங்கெடுக்கையில் சுறா சுற்றிவந்தாலும் சங்கை விடாமல் மேலே வருகிறவன், ஊசியைப் பார்த்து நடுங்குகிறான். என்னத்தைச் சொல்ல!

புதுத் துறைமுகம் திறந்த வருஷம் அவனுக்குப் புத்தி கலங்கியது. எண்ணெய் மந்திரித்தார்கள், நேர்ச்சை வைத்தார்கள். ஒன்றும் கேட்கவில்லை.

இப்போது சென்னையிலிருந்து டாக்டர் தேவமணி வந்திருக்கிறார். இந்த நோய் ஜீன் வழியாகக் குடும்பத்தில் இறங்குகிறதா என்று ஆராய்கிறாராம். நோயாளி ரத்தமும் வேண்டும், கூடப்பிறந்தவர்கள் ரத்தமும் வேண்டும். பலன் தெரிய இருபது முப்பது வருஷம் ஆகலாம் என்று ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

அதுவரை பொறுக்க மணப்பாட்டு மாப்பிள்ளை வீட்டாருக்கு என்ன தலையெழுத்து? வருகிற ஞாயிறு கோயிலில் ஆக்னஸின் கல்யாண ஓலை வாசித்து ஊருக்கு அறிவிக்க வேண்டும். அதற்குள் 'பைத்தியம் ரத்தத்தில் ஓடுகிற வீடு' என்று யாரோ ஓதிவிட்டார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? வேறு இடம் பார்க்கிறோம் என்று மாப்பிள்ளை வீட்டார் ஆள் விட்டார்கள். விஷயம் டாக்டர் காதுவரை வந்துவிட்டது.

ஆக்னஸுக்கு அந்தப் பையனை ரொம்பப் பிடித்திருந்தது. நேற்றெல்லாம் அழுதாள். இன்று அழவில்லை.

ஊசி ஏறியது. அவள் முகம் சுளிக்காமல் திரும்பிச் சிரித்தாள்.

"பாத்தியாண்ணே, எறும்பு கடிச்ச மாதிரிதான்."

"ஏளா, கையப் பிடிச்சுக்கோ." மரியான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்தான். ரத்தம் கொடுத்து முடித்ததும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு டீ குடிக்கப் போனான்.

அவன் வாசலைத் தாண்டும்வரை ஆக்னஸ் பொறுத்திருந்தாள்.

"என் ரத்தத்தக் கொட்டிருங்க, டாக்டர். ஒங்க ஆராய்ச்சிக்கு ஆகாது."

"ஏம்மா?"

"அண்ணன் அம்மா பெத்த பிள்ளை இல்ல. மன்னாருக்குத் தொழிலுக்குப் போயிருந்தப்ப, கடல்ல செத்தவரோட பிள்ளைய எடுத்து வளத்திருக்கா. இன்னைக்குக் காலையிலதான் என்கிட்ட சொன்னா. அண்ணனுக்குத் தெரியாது."

தேவமணி நிமிர்ந்து பார்த்தார். "இத மாப்பிள்ளை வீட்டுல சொன்னா ஓலை வாசிச்சிருவாங்களே. அதுக்குத்தான ஒங்கம்மா சொல்லியிருக்காங்க?"

"மணப்பாட்டுல சொன்னா மறுநாளே இங்கன வந்துரும், டாக்டர். அண்ணனுக்கு அம்மாவும் நானுந்தான்."

ஆக்னஸ் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"மாப்பிள்ளை வீட்டுக்கு நான் அவங்கூடப் பொறந்தவதான்."