பக்கம் முழுக்க ஒரே பாட்டு

கணவர் ஞாயிறுதோறும் கதவைச் சாத்திக்கொண்டு கேட்ட பழைய ராக் இசைத்தட்டு அது. ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு. அவர் இருந்தவரை அந்த நேரத்தில் அவளை அறைக்குள் விட்டதில்லை. அவர் இறந்த அடுத்த மாதம் அவளே அதை ஓடவிட்டு, அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தாள்.

ஆர்கனும் டிரம்ஸும் ஓய்ந்த இடத்தில் ஓர் ஆணும் பெண்ணும் சிரித்தார்கள். ஆணின் சிரிப்பு அவருடையது. அவளிடம் ஒருநாளும் அவர் அப்படி வாய்விட்டுச் சிரித்ததில்லை.

மகனுக்குப் போன் செய்தாள்.

“அதுல சிரிப்பே கிடையாதேம்மா. அப்பா எனக்குப் போட்டுக் காட்டியிருக்காரே.”

முள்ளைத் திரும்ப வைத்தாள். இந்த முறை சிரிப்பு பாதியில் நின்றது.

“யாரோ கேக்கறாங்க,” என்றாள் அந்தப் பெண்.

“யாருமில்ல,” என்றார் அவர். “என் பொண்டாட்டிதான்.”