ஒரு சொட்டு சிந்தாமல்

காலை பத்தே முக்கால். வாடகை லாரி ஒன்று டிராக்டர் கடை முற்றத்தில் இருபக்கமும் புரட்டி உழுகிற ஒரு ரிவர்சிபிள் கலப்பையை இறக்கிவிட்டுப் போனது. கூடவே இறங்கியவருக்கு எழுபது வயதிருக்கும்.

"இதுக்குப் பொருத்தமா ஒரு வண்டி வேணும். என்கிட்ட இருக்கிறது தூக்கவே மாட்டேங்குது," என்றார் பெரியவர்.

கடைக்காரர் கலப்பையைச் சுற்றி வந்தார். எந்தக் கருவிக்கு எந்த டிராக்டர் என்று ஜோடி சேர்ப்பதில் அவருக்குப் பேர் உண்டு. கல்யாணத் தரகர்கூட இவ்வளவு பொருத்தம் பார்ப்பதில்லை என்று அவர் மச்சினன் கிண்டல் செய்வான்.

எண் தகடு இருக்க வேண்டிய இடத்தில் அரத்தால் ராவிய தடம். மேலே புதுப் பெயின்ட். தொட்டால் விரலில் ஒட்டியது.

திருட்டுக் கலப்பை.

போன மாதம்தான் தெரியாமல் ஒரு திருட்டுக் கருவியை வாங்கி விற்றுவிட்டு ஸ்டேஷனுக்கு நடையாய் நடந்தார். இன்னொரு தடவை திருட்டுச் சமாசாரம் என்று வந்தால் ஏஜென்சி கிடையாது என்று கம்பெனி கண்டிப்பாகச் சொல்லியிருந்தது. இந்த ஆளைப் பிடித்துக் கொடுத்தால் பழைய கறை போய்விடும்.

உள்ளே போய் போன் போட்டார். "திருட்டுக் கலப்பை ஒண்ணு வந்திருக்கு, சார்."

"அரை மணி நேரம் பேச்சுக் கொடுங்க. வந்துடறேன்," என்றார் இன்ஸ்பெக்டர்.

மச்சினனைக் கூப்பிட்டார். "முன் கேட்டைப் பூட்டு, மாப்ளே."

"பின்னாடி, மாமா?"

"பின்னாடி வெறும் வயக்காடு. இந்த வயசுல எவ்வளவு தூரம் ஓடுவாரு?"

"உங்களைவிட நல்லாத்தான் ஓடுவாரு."

நேரத்தைக் கடத்தப் பொய் சொல்லத் தேவையில்லை. பொருத்தம் பார்ப்பது அவசரத்தில் ஆகிற காரியமா? கலப்பையைப் பின்பக்கம் கொண்டுபோய் முதலில் சின்ன டிராக்டரில் மாட்டினார். என்ஜினை ஓடவிட்டு லீவரை இழுத்தார். கலப்பை முனகிக்கொண்டே எழுந்தது. முன்சக்கரங்களும் கூடவே எழுந்தன.

"பாருங்க, மூக்கைத் தூக்குது. கலப்பை கனம், வண்டி லேசு. பெரிய வண்டியில பார்ப்போம்."

நேற்றுதான் வந்து இறங்கிய வண்டி. கடையிலேயே விலை அதிகம்.

பெரியவர் தயங்கினார். "அது நமக்குக் கட்டுப்படியாகாதுங்களே."

"பார்க்கிறதுக்குக் காசா பணமா?"

கலப்பையைக் கழற்றிவிட்டுச் சின்ன வண்டியை அணைக்கப் போனார். பெரியவர் தடுத்தார். "ஓடட்டுமே. ரெண்டு சத்தத்தையும் சேர்த்துக் கேட்டாத்தான் வித்தியாசம் தெரியும்."

விவரமான திருடன்தான் என்று நினைத்துக்கொண்டார் கடைக்காரர்.

பெரிய வண்டிக்கு டீசல் ஊற்றினார். முன்னால் எடைக்கட்டைகள் வைத்தார். கலப்பைக்கு எண்ணெய் போகும் ஹைட்ராலிக் ஹோஸ் முனைகளைத் துணியால் துடைத்து, 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்தி, இழுத்தும் பார்த்தார். லீவரைத் தொட்டதும் கலப்பை பூப்போல எழுந்தது. ஒரு தரம் புரட்டிக் காட்டினார். பெரியவர் முகம் மலர்ந்துவிட்டது.

"இப்படியே கொஞ்ச நேரம் நிக்கட்டும். தானா இறங்கலைன்னா கச்சிதம்," என்றார் கடைக்காரர்.

முன்பக்கமிருந்து மச்சினன் விசிலடித்தான். ஜீப் வந்துவிட்டது.

"கலப்பை மேல ஒரு கண்ணு வைங்க. இதோ வந்துடறேன்."

"அதுக்கென்ன, பார்த்துக்கிறேன்," என்றார் பெரியவர்.

கேட்டுச் சாவியை மச்சினன் எல்லாப் பையிலும் தேடி, கடைசியில் காதோரம் செருகியிருந்த பென்சிலைக்கூடத் தொட்டுப் பார்த்தான். சாவி பூட்டிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

"ஆள் இருக்காரா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"என்ஜின் சத்தம் கேட்குதே, சார். எங்க போவாரு?"

பின்பக்கம் சின்ன டிராக்டரின் என்ஜின் மட்டும் தனியாக ஓடிக்கொண்டிருந்தது.

சக்கரத் தடம் வயலைக் கடந்து தார்ச்சாலையில் ஏறி மறைந்திருந்தது. மூவரும் மூச்சிரைக்க அங்கே போய் நின்றார்கள். சாலை இரண்டு பக்கமும் காலியாக இருந்தது.

"எழுபது வயசுத் தாத்தாவா?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"ஆமா, சார்."

"அதை முதல்லயே சொல்லியிருக்கலாம். கலப்பை அவரோட சொந்தக் கலப்பைதான். பழைய சாமான் கடையில காசு கொடுத்து வாங்கினது. நம்பரை அவரே ராவிக்கிறாரு, கடைக்காரங்க கண்ணு கலப்பை மேலயே இருக்கட்டும்னு. இது மூணாவது டிராக்டர்."

கடைக்காரர் சாலையோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

இன்ஸ்பெக்டர் குனிந்து சாலையை இடமும் வலமும் பார்த்தார்.

"போன தடவை ஹோஸ் ஒழுகுச்சு. எண்ணெய் சொட்டின வழியா அடுத்த ஊர் வரைக்கும் துரத்திட்டுப் போனோம். இங்க ஒரு சொட்டுகூட இல்ல. இவ்வளவு சுத்தமா யாரு சார் மாட்டிக் கொடுத்தது?"